கோமளாவின் ஐந்து தட்டுகளும் என் தண்ணீரும்

என் மகளுக்கு வரன் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார், "சம்பந்தி எங்க வேலை பாக்கறாரு?" என்று கேட்டார்கள். மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையைத் தண்ணீரில் போட்டு, அதன் மேல் ஒலியை விட்டுப் படமெடுக்கிறவன் நான். நல்ல காரியம் பேசுகிற இடத்தில் இதை எப்படிச் சொல்வது? என் மனைவி இரண்டே வார்த்தையில் முடித்தாள். "ஹார்ட் சம்பந்தமா." அன்றிலிருந்து சம்பந்தி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஈசிஜி காகிதத்தை எடுத்து நீட்டுகிறார். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உப்பைக் குறைங்க" என்கிறேன். இதுவரை தப்பு வரவில்லை.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக, என் வேலையில் சாதித்தவற்றைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். சாதித்தது நாலு வரியில் முடிந்துவிடும். நாலு பக்கம் வேண்டுமென்றால் தவறைத்தான் எழுத வேண்டும். என்னிடம் ஒரு நல்ல தவறு இருக்கிறது.

படித்தது டிப்ளமோ. முதலில் பாய்லர் தகடுகளின் வெல்டிங்கில் விரிசல் தேடினேன். பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம் சிப்புகளுக்குள் பிளவு தேடினேன். ஒலி நுண்ணோக்கி அங்கேதான் கைக்கு வந்தது. சிப்புக்குள் பசை விட்டுப்போய்க் காற்று புகுந்திருந்தால், அந்த இடத்திலிருந்து திரும்பி வரும் எதிரொலி திரையில் தலைகீழாக நிற்கும். மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம் வரும். பதினோரு வருடம் நான் சம்பளம் வாங்கியது அந்தப் பள்ளத்தைப் பார்த்து "காற்று" என்று சொல்லத்தான். இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிரிவை மூடியபோது ஒரகடத்தில் இதய வால்வு செய்கிற நிறுவனம் ஒன்று ஆள் தேடிக்கொண்டிருந்தது. மாட்டின் இதய உறையைப் பதப்படுத்தி, மெல்லிய சவ்வாக்கி, அதை வெட்டித் தைத்து வால்வு செய்வார்கள். அந்தச் சவ்வு எவ்வளவு தடிமன், எவ்வளவு விறைப்பு, எங்கேயாவது நைந்திருக்கிறதா என்பதை அறுக்காமல் கிழிக்காமல் சொல்ல வேண்டும். "சிப்பைப் பார்த்தவனுக்குச் சவ்வு என்ன பிரமாதம்" என்று சேர்ந்துவிட்டேன். சிப் பேசாமல் கிடக்கும். சவ்வு அப்படியில்லை. காயும், சுருங்கும், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் தேங்காய் நார் மாதிரியும் இருக்கும்.

வேலை இதுதான். கண்ணாடித் தகட்டின் மேல் சவ்வைச் சுருக்கமில்லாமல், நார்ப்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்க வேண்டும். மேலிருந்து லென்ஸ் இறங்கும். லென்ஸ் என்றால் மூக்குக் கண்ணாடி மாதிரி இல்லை. நுனியில் கடுகளவு குழி வைத்த ஒரு கம்பி. அது சவ்வின் மேல் கோடு கோடாக நகர்ந்து, காதுக்கு எட்டாத ஒலியைக் கீழே விட்டுக்கொண்டே போகும். நமக்கு வேண்டியது மூன்று எதிரொலிகள். சவ்வு இல்லாத இடத்தில் கண்ணாடியில் பட்டு வருவது ஒன்று, சவ்வின் மேற்புறத்தில் பட்டு வருவது ஒன்று, சவ்வுக்குள் புகுந்து அடியிலுள்ள கண்ணாடியில் பட்டு வருவது ஒன்று. மூன்றும் வந்து சேரும் நேரத்தை வைத்துத் தடிமனையும், சவ்வுக்குள் ஒலி ஓடும் வேகத்தையும் கணக்கிடலாம். விறைப்பான சவ்வில் ஒலி வேகமாக ஓடும், தொளதொளத்ததில் மெதுவாக ஓடும். அடியிலிருந்து எதிரொலி வரவே இல்லையென்றால் படத்தில் அந்த இடம் கறுப்பாக விழும். அங்கே சவ்வு கெட்டிருக்கிறது என்று பொருள். அப்படித்தான் நினைத்திருந்தோம்.

இத்தனைக்கும் நடுவில் கிடப்பது தண்ணீர். அதன் வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலும் ஒலியின் வேகம் மாறும். அதைவிட முக்கியம், தண்ணீருக்குள் காற்று இருக்கக் கூடாது. வெற்றிட பம்பு வைத்துத் தண்ணீரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்போம். பம்பு பழுதானால் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி போட்டு, தானாக ஆறும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல் தொட்டிக்குள் இறக்க வேண்டும்.

எங்கள் தலைவர் பொன்மணி மேடம். திருநெல்வேலிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், டாக்டர் பட்டம் வாங்கியவர். முதல் நாளே என்னை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் மளிகைக் கடைக்காரரைத்தான் அப்படிக் கூப்பிடுவோம். அடுத்து அரைக்கிலோ துவரம்பருப்பு கேட்பாரோ என்று இரண்டு நாள் தயாராகவே இருந்தேன். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நாம் சொல்வதைத் தலையைச் சாய்த்துக் கடைசி வரை கேட்பார். கேட்டுவிட்டு ஒரே கேள்வி. "இது அளந்து சொல்லுததா அண்ணாச்சி, நெனச்சு சொல்லுததா?" நினைத்துச் சொன்னது என்று தெரிந்தால் பென்சிலை மேஜையில் வைத்துவிடுவார். அந்தப் பென்சில் மேஜையில் படும் சத்தத்துக்குப் பயந்தே நான் பல விஷயங்களை அளந்தேன். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் இருக்கும். கேண்டீனில் தோசையின் தடிமனை அளந்து, "இன்னைக்கு மாவு சரியில்ல" என்று அவர் சொன்னதாக ஒரு வதந்தி உண்டு. கிளப்பியது நான்.

சவ்வைச் சுத்தம் செய்கிற பிரிவில் கோமளா இருந்தாள். இடுக்கியாலும் பிளேடாலும் நார்ப்பக்கத்திலுள்ள கொழுப்பையும் பிசிறையும் நீக்குவது அவள் வேலை. ஆறு சவ்வு ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்க்காரி. அவர்கள் நிலம் இருந்த இடம் இப்போது ஒரு கார் கம்பெனியின் வண்டி நிறுத்துமிடம். "எங்க நாத்தங்கால்லதான் சார் அந்த மேனேஜரு கார வுடறாரு. நல்ல வெளைச்சல்" என்பாள். ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் முடித்திருந்தாள். என் தவறு நடந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்கும் பட்டியல் வெளிவர வேண்டும். அவள் பெயர் அதில் முதலில் இருந்தது. ஏனென்றால் அவள் கை வேகம். மற்ற மேஜைகளின் தட்டு மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்னிடம் வரும். கோமளாவின் தட்டு முதல் நாள் மாலையே முடிந்து, காலை ஒன்பது மணிக்கு என் கதவருகே காத்திருக்கும்.

அந்தச் சித்திரை வெயிலில் பம்பு படுத்துக்கொண்டது. அவசர ஆர்டர் வேறு. கொதித்த தண்ணீர் தானாக ஆறிவர மதியம் ஆகும். உற்பத்தி மேலாளர் தினகரன் வாசலில் வந்து நின்றார். "சார், தண்ணி ஆறணும்னு லைன நிறுத்தி வெச்சா மேல இருக்கறவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து ஒன்பது மணிக்கெல்லாம் தண்ணீர் தயார். என்ன வழி என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் மேற்கொண்டு படிக்கும்போது எனக்கு மரியாதை இருக்காது.

மறுநாள் கோமளாவின் தட்டில் கறுப்புப் புள்ளிகள் விழுந்தன. ஆறு சவ்விலும் விழுந்தன. அடுத்த நாளும் அப்படியே. மதியம் வந்த மற்றவர்களின் தட்டு சுத்தமாக இருந்தது. புள்ளிகள் எல்லாம் நார்ப்பக்கத்தில், அதாவது பிளேடு படுகிற பக்கத்தில். "பிளேடு பட்ட சேதம்" என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்து நாளில் ஐந்து தட்டு, முப்பது சவ்வு. கழித்த சவ்வை அன்றைக்கே அழித்துவிடுவது விதி. திரும்ப எடுத்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஐந்தாம் நாள், கோமளாவைப் பிளேடு வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டும் என்று தினகரன் ஒரு கடிதம் வைத்தார். ஆதாரம், என் கையெழுத்து. முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த வியாழக்கிழமை என்றார்கள்.

கோமளா நேராக என்னிடம் வந்தாள். அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார் எழுதிக் குடுத்துகிறீங்க?"

"படத்துல வர்றதைத்தான்மா எழுதினேன்."

"எங்க, அந்தப் படத்தக் காட்டுங்க."

காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"கத்தி பட்டா கோடாதான சார் வரும். இது புள்ளி புள்ளியாக் கீது. நான் இன்னா சவ்வு மேல கோலமா போட்டுகினு இருந்தேன்?"

மாட்டிக்கொண்டால் நான் வழக்கமாக ஒரு ஜோக் சொல்வேன். அன்றைக்கு அது வரவில்லை.

அவள் போனதும் பொன்மணி மேடத்திடம் போய், "பிளேடா இருக்காதோன்னு தோணுது மேடம்" என்றேன்.

"தோணுதா?" என்றார். பென்சில் மேஜையில் பட்டது. "கையெழுத்துப் போடும்போது அளந்து போட்டியளா, நெனச்சுப் போட்டியளா?"

"புள்ளிகளை அளந்தேன். பிளேடுங்கறது நினைச்சது."

"அப்போ பாதி ரிப்போர்ட்டு கதை. வியாழக்கிழமைக்குள்ள மீதியையும் அளந்துட்டு வாங்க அண்ணாச்சி."

நான் சுபாவத்தில் சோம்பேறி. ஆனால் என் கையெழுத்தால் ஒருத்தியின் வேலை போகும் என்பது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அது இறங்கும்வரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை லென்ஸைக் கழற்றித் துடைத்தேன், கண்ணாடித் தகட்டை மாற்றினேன், வெப்பமானியை இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. புள்ளிகளும் சரியாக விழுந்தன. அந்தத் தட்டை மட்டும் "கழி" என்று எழுதாமல் பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது கோமளா பக்கத்தில் வந்தாள். அவள் கணவர் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்.

"எங்க வூட்டுக்காரு இன்னா கேட்டாரு தெரியுமா? 'எப்பவும் மொதோ ஆளா போய் நிக்கிறியே, ஒரு நாளு கடைசியாப் போயேன், அப்பவும் உன்னியவே புடிக்கறாங்களா பாக்கலாம்'னாரு. ஒரு நாளு என் தட்டக் கடைசியா வெச்சிப் பாருங்க சார்."

ஆட்டோக்காரருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள், முந்தின மதியம் வந்து காத்திருந்த அடுத்த மேஜையின் தட்டை ஒன்பது மணிக்கு வைத்தேன். ஆறு சவ்விலும் புள்ளி. திங்கட்கிழமை பத்திரப்படுத்திய கோமளாவின் தட்டை இரண்டு மணிக்கு வைத்தேன். அதே ஆறு சவ்வு. ஒரு புள்ளி இல்லை.

ஆக, குற்றம் கோமளாவிடம் இல்லை, ஒன்பது மணியிடம் இருக்கிறது. ஒன்பது மணிக்கு இருந்து இரண்டு மணிக்கு இல்லாமல் போவது எது? காலையில் வாசல் வழியாகக் கார் ஏற்றிப் போகிற டிரெய்லர் லாரிகளின் அதிர்வைச் சந்தேகப்பட்டேன். ஏசியைச் சந்தேகப்பட்டேன். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேண்டீனில் ஓடும் கிரைண்டரைக்கூடச் சந்தேகப்பட்டு, சட்னி அரைக்கும் நேரத்தைக் குறித்து வாங்கி வந்தேன். சமையல்காரர் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

புதன்கிழமை காலை, படத்தை மூடிவிட்டு, அந்தப் படம் எதிலிருந்து வரையப்பட்டதோ அந்த அலைகளைத் திறந்தேன். படம் வண்ணமயமாக இருப்பதால் இத்தனை நாளும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கறுப்புப் புள்ளியின் மேல் சுட்டியை வைத்தேன். மேற்புற எதிரொலியில் மேடு வர வேண்டிய இடத்தில் பள்ளம் நின்றது. அடுத்த புள்ளியிலும் பள்ளம். அடுத்ததிலும் பள்ளம்.

பிளேடு வெட்டியிருந்தால் வெட்டுக்குள் தண்ணீர்தான் நிற்கும், அலை தலைகீழாகாது. இது காற்று. கண்ணுக்குத் தெரியாத குமிழிகள், தேங்காய் நார் மாதிரி இருக்கிற அந்தப் பக்கத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு, ஒலியைக் கீழே போகவிடாமல் தடுத்திருக்கின்றன. தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றால் மதியத்துக்குள் காற்று மேலேறிப் போய்விடும். அதனால் இரண்டு மணித் தட்டுகள் தப்பித்தன. எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு வந்து நின்றதுதான் கோமளா செய்த ஒரே தப்பு.

சரி, கொதிக்க வைத்த தண்ணீருக்குள் காற்று எப்படி வந்தது? அந்த அறையில் தண்ணீர் தயார் செய்கிற ஆள் ஒருவன்தான். அவன் சட்டையை நான் போட்டிருந்தேன்.

இப்போது அந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். கேண்டீனிலிருந்து இரண்டு ஸ்டீல் ஜக்குகள் வாங்கி வந்து, கொதித்த தண்ணீரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு, டீ மாஸ்டர் மாதிரி, கை நீளத்துக்குத் தூக்கித் தூக்கி ஆற்றினேன். பால் சூடாக இருந்தால் ஆற்றுவோம், காபி சூடாக இருந்தால் ஆற்றுவோம். எனக்குக் கை தானாகவே போனது. அரை மணி நேரத்தில் தண்ணீர் ஆறிவிட்டது, ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. பக்கத்து அறைப் பெண்கள் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, இன்னும் ஒரு சாண் உயர்த்தினேன். கொதிக்க வைத்துக் கஷ்டப்பட்டு வெளியேற்றிய காற்றை, ஒவ்வொரு வீச்சிலும் திரும்பக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.

இதை யாரிடமும் சொல்லாமல், "நீரில் கோளாறு, சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி எழுதி முடித்திருக்கலாம். கோமளாவும் தப்பித்திருப்பாள், நானும் தப்பித்திருப்பேன். அந்த யோசனை வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஜக்குகளை எடுத்துக்கொண்டு பொன்மணி மேடத்தின் அறைக்குப் போனேன்.

முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"எங்க, எப்படி ஆத்துனியன்னு செஞ்சு காட்டுங்க."

அவர் மேஜைக்கு முன்னால் நின்று ஆற்றிக் காட்டினேன்.

"கைய அப்படியே வைங்க."

வலது கை தலைக்கு மேலும் இடது கை இடுப்புக்குக் கீழுமாக, நான் கோயில் சிற்பம் மாதிரி நின்றேன். மேடம் எழுந்து வந்து, பையிலிருந்து ஸ்கேலை எடுத்து, மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளந்தார்.

"தொண்ணூறு சென்டிமீட்டர்" என்று எழுதிக்கொண்டார். "இனி கைய எறக்கலாம்."

பிறகு அந்த உயரத்திலிருந்து ஆற்றிய தண்ணீரில் ஒரு நல்ல சவ்வு, தானாக ஆறிய தண்ணீரில் அதே சவ்வு என்று மூன்று முறை என்னை அளக்க வைத்தார். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது. அப்புறம்தான் பென்சிலைக் கையில் எடுத்தார்.

"நாளைக்குக் கூட்டத்துல நீங்களே சொல்லுங்க, உங்க பேரச் சொல்லி. ஆனா மொத்தமா ஒரு மன்னிப்பு எழுதி முடிச்சிரலாம்னு நெனைக்காதிய. முப்பது சவ்வோட அலையும் கம்ப்யூட்டர்ல இருக்கு. ஒவ்வொண்ணாத் திறந்து பாத்து, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போடணும். கோமளா பக்கத்துல இருந்து பாக்கணும்."

கூட்டத்தில் சொன்னேன். தினகரன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் கோமளா கைக்கு நிரந்தர ஆணை வந்தது. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஏனென்றால் நான் சொல்ல வந்தது, அந்த ஆணை வருமா வராதா என்று யாருக்கும் தெரியாதபோது, கூட்டம் முடிந்த அன்று மதியம் நடந்தது.

நானும் கோமளாவும் கணினி முன் உட்கார்ந்தோம். மேடம் பின்னால் நின்றார். பதிவேட்டில் திருத்தம் சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தினகரனும் வந்திருந்தார். ஒவ்வொரு சவ்வாக அலையைத் திறந்தேன். பள்ளம். "அளவீட்டுத் தவறு. சவ்வு நன்றாக இருந்தது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். கோமளா பக்கத்தைத் திருப்பினாள். முதல் தட்டு முடிந்தபோது, "ஆறும் நல்லாத்தான் இருந்திச்சில்ல?" என்று கேட்டாள். "நல்லாத்தான்மா இருந்தது" என்றேன். "அத்தினியும் குப்பைக்குப் போச்சு" என்றாள். அடுத்த தட்டின் முதல் அலையைத் திறந்தேன்.

நாலாவது தட்டில் ஐந்தாவது சவ்வு. நான் அலையைத் திறப்பதற்கு முன்பே அவள் பதிவேட்டின் மேல் கையை வைத்தாள்.

"இத வுட்டுடுங்க சார்."

"ஏன்?"

"இது நெஜமாவே நான் கிழிச்சது. மூணு நாளா எல்லாம் ரிஜெக்டுன்னு சொல்லிகினே இருந்தீங்களா, அன்னிக்கி கை நடுங்கிச்சி. பிளேடு ஓரத்துல இழுத்துடுச்சி. வெட்டு வுழுந்தா தட்டோட வர்ற சீட்டுல எழுதணும். பயந்துகினு எழுதல."

அலையைத் திறந்தேன். சவ்வின் ஓரத்தில், புள்ளிகளுக்கு நடுவே, நெல்மணி நீளத்துக்கு ஒரு கோடு இருந்தது. ஐந்து நாளில் நான் கவனிக்காத கோடு. அதன் மேல் சுட்டியை வைத்தேன். அலை நேராக நின்றது. காற்று இல்லை, வெட்டுதான்.

தினகரன் பெருமூச்சு விட்டார். "ஏம்மா, அவரே எல்லாத்தயும் நல்லா இருந்துச்சின்னு எழுதிகினு போறாரு. நீயா வாயக் குடுக்கணுமா?"

கோமளா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவுரு இருபத்தொம்போதுக்கு ஒத்துக்கினாரு சார். நான் ஒண்ணுக்கு ஒத்துக்கக் கூடாதா?"

அந்த வரிக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை. பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவள் தன் பெயரை முழுதாக, இன்ஷியலோடு எழுதிவிட்டு, அடுத்த சவ்வைத் திறக்கச் சொன்னாள்.